பெயரைக் கேளாது பணியைக் கேட்கும் மொழி



அம்பாறை மாவட்டத்தின் இறக்காமம் பகுதியிலே வரிப்பத்தான்சேனை என்னும் ஊர் இருக்கிறது. அங்கே அறுவடைக்கு ஆள் தேடும் ஒரு விவசாயி இரண்டு வினாக்களைக் கேட்கலாம். "நீ எந்தக் குடி?" என்பது ஒன்று. "உனக்குக் கதிர் அறுக்கத் தெரியுமா?" என்பது மற்றொன்று. கிழக்குக் கரையோர முஸ்லிம் மக்களிடையே தாய்வழி வரும் குடிமுறை நெடுங்காலமாக மதிப்புப் பெற்றது. எனினும் வயலிலே பயன் தருவது இரண்டாவது வினாவே அன்றோ?

கணினி மொழிகளை ஆக்கியோர்க்கும் இவ்விரு வினாக்களும் எழுந்தன.

1960களில் நோர்வே நாட்டு அறிஞர்களான டாலும் நிகார்டும் சிமுலா என்ற மொழியை ஆக்கினர். ஒரு பொருளின் தரவுகளையும் அது செய்யவல்ல பணிகளையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் வழியை அது காட்டியது. பின்வந்த ஜாவா போன்ற மொழிகளும் அவ்வழியே சென்றன. ஆயினும் ஜாவாவிலே ஒரு பொருளை ஓரிடத்தில் ஏற்பதற்கு, அது இன்ன வகுப்பின் வழிவந்தது, இன்ன உடன்படிக்கையை ஏற்றது என்று முன்னரே பெயர் சொல்லிப் பதிந்திருத்தல் வேண்டும். இது குடி கேட்கும் முறை.

மற்றொரு மரபு ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் வளர்ந்தது. 1970களில் ரொபின் மில்னரும் அவர் குழுவினரும் எம்.எல். என்ற மொழியை அமைத்தனர். கணிதச் சார்புகளைப் போலச் செயல்களை இணைத்து நிரல் எழுதுவது அதன் இயல்பு. எது எண், எது சொல் என்னும் வகைகளை நிரலர் எழுதாவிடினும், நிரல் ஓடுவதற்கு முன்னரே தொகுப்பி தானே உய்த்துணர்ந்து சோதிக்கும். விதைநெல்லை விதைக்கும் முன் சோதிப்பது போன்றது இது. அறுவடை நாளில் பிழை தெரிந்து என்ன பயன்?

இவ்விரு மரபுகளையும் இணைத்த மொழிகளுள் ஒன்று, பிரான்ஸ் நாட்டின் இன்றியா ஆய்வு நிறுவனத்தில் 1996இல் வெளிவந்த ஒப்ஜெக்டிவ் கேமல். இன்று அது ஓகேமல் எனப்படுகிறது. அதன் பொருள் அமைப்பை வகுத்தவர்கள் டிடியே ரெமி, ஜெரோம் வுயோன் ஆகியோர்.

ஒரு நெற்களஞ்சியத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே நெல் மூட்டை ஒரு பொருள். உழவு இயந்திரப் பெட்டியில் வந்த சுமை மற்றொரு பொருள். இரண்டின் எடையையும் கேட்டுக் கூட்டும் ஒரு சார்பை நிரலர் எழுதுகிறார். தொகுப்பி அதைப் படித்து, "இங்கு வருவது எதுவாயினும் ஆகுக, எடை கேட்டால் எண் தர வேண்டும்" என்று முடிவு செய்கிறது. அவ்வகையை அது எழுதிக் காட்டும்போது இறுதியில் இரண்டு புள்ளிகளை இடும். "வேறு பணிகளும் தெரிந்திருக்கலாம், தடையில்லை" என்பதே அப்புள்ளிகளின் கருத்து. மூட்டையும் சுமையும் ஒரே வகுப்பில் பிறந்திருக்க வேண்டியதில்லை. எடை கேட்டால் எண்ணுக்குப் பதிலாக ஒரு சொல்லைத் தரும் பொருள் வந்தால், நிரல் ஓடுவதற்கு முன்னரே அது மறுக்கப்படும்.

மூட்டையிலிருந்து பத்துக் கிலோ எடுத்தால், பழைய பொருளை மாற்றாமலே எடை குறைந்த புதிய பொருளை ஆக்கிக்கொள்ளும் வசதியும் அங்கே உண்டு. பழைய கணக்கு பழையபடியே நிற்கும்.

ஆயினும் இம்முறைக்கு ஒரு குறை உண்டு. மூட்டை கிலோவில் விடை தருகிறது. சுமையோ மட்டக்களப்பு நாட்டின் பழைய அளவையான அவணத்தில் விடை தருகிறது என்று கொள்வோம். இரண்டும் எண்களே. பணியின் பெயரும் ஒன்றே. தொகுப்பி இசைந்துவிடும், கணக்கோ பிழைத்துவிடும். இது கற்பனை அச்சம் அன்று. 1999ஆம் ஆண்டு செவ்வாயை நோக்கிச் சென்ற அமெரிக்க விண்கலம் ஒன்று அழிந்தது. உந்துவிசைக் கணக்கை ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் தர, மற்றொன்று அதை நியூட்டன் அலகெனக் கொண்டதே காரணம்.

ஆகவே சில இடங்களில் பெயரும் வேண்டும். கிலோவை ஒரு வகையாகவும் அவணத்தை வேறொரு வகையாகவும் மறைத்துக் கட்டிவிட்டால், இரண்டையும் கலக்க ஓகேமல் இடந்தராது. பணியைக் கேட்க வேண்டிய இடத்தில் பணியையும், பெயரைக் கேட்க வேண்டிய இடத்தில் பெயரையும் கேட்பதே நிரலரின் அறிவுடைமை.

இச்சிந்தனை இலங்கைக்கும் புதிதன்று. இந்நாட்டின் டபிள்யூ.எஸ்.ஓ.டூ நிறுவனத்தில் உருவாகி 2017இல் அறிமுகமான பெலரினா மொழி, முழுமையான சார்பு மொழி அன்று. எனினும் அதுவும் வகைகளைப் பெயரால் அல்லாமல் அமைப்பால் ஒப்பிடுகிறது. பொருள்களைப் பெயரால் வேறுபடுத்த வேண்டிய இடத்துக்கெனத் தனியே ஒரு குறிச்சொல்லும் வைத்திருக்கிறது.

ஓகேமலும் பெலரினாவும் கட்டணமின்றிக் கிடைப்பவை. வரிப்பத்தான்சேனையில் கணினியின் முன் அமரும் ஓர் இளைஞரையும் இம்மொழிகள் எந்த ஊர், எந்தக் குடி என்று கேட்கமாட்டா. எழுதிய நிரல் இசைகின்றதா என்பதே அவற்றின் வினா.