பேத்தி கற்றுத் தந்த தூரிகை
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடைப்பலகை எழுதிப் பிழைத்தவன் நான். இயந்திரத்தில் அச்சாகும் பேனர் வந்தது. என் தூரிகை காய்ந்து போயிற்று. அந்தக் கோபத்தில், கணினியில் வரைவது ஓவியமே அல்ல என்று சொல்லித் திரிந்தேன். 1953-இல் மதுரையில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற டிராட்ஸ்கி மருது, கோட்டோவியத்தில் கைதேர்ந்தவர். அவரே கணினியையும் கையில் எடுத்தார் என்று அறிந்த பிறகுதான் என் வீம்பு தளர்ந்தது.

பேத்தியிடமே பாடம் கேட்டேன். 'கிரிட்டா' என்ற மென்பொருளுக்குக் காசு இல்லை. அதில் முதற்பாடம் 'லேயர்'. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கோடு, இன்னொன்றில் வண்ணம், வேறொன்றில் நிழல். வண்ணம் கெட்டால் அந்தத் தாளை மட்டும் அழிக்கலாம், கோடு பிழைத்துக்கொள்ளும். ஓர் எழுத்து பிசகினால் டர்பன்டைன் துணியோடு போராடியவனுக்கு இது எப்படி இருக்கும், சொல்லுங்கள்!

ஆனால், "நிழல் எந்தப் பக்கம் தாத்தா?" என்று அவள்தான் என்னைக் கேட்டாள். "சன்னலோரம் ஒரு மாங்காயை வெச்சுப் பாரும்மா" என்றேன்.

பெற்றோர்களே, எடுத்த எடுப்பில் விலையுயர்ந்த பேனாப் பலகை வேண்டாம். அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்கும், உண்மைதான். தொடக்கத்துக்கு மவுஸே போதும். சவுக்காரக் கட்டியால் எழுதுவது போலிருக்கும், பழகிவிடும்.

இப்போது நான் பிறந்த ரப்பர் தோட்டத்து லயத்தை இருவரும் வரைகிறோம். தகரக் கூரையின் துரு நிறம்தான் இன்னும் சரியாக வரவில்லை.