எலும்புக்கும் கூலண்ட் வேண்டும்

(பழைய மாணவர் சங்க ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் தொழிலைப் பற்றி இருபது நிமிஷம் பேசு, பசங்களுக்குப் பயன்படுகிற மாதிரி இருக்கட்டும், பழைய ஹாஸ்டல் கதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்" என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். என் தொழில் அறுவை சிகிச்சைக் கருவிகள். அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எலும்பைத் துளைக்கும்போது உண்டாகும் சூட்டை எப்படித் தணிப்பது என்பதுதான் அது.

நம் ஒர்க்‌ஷாப்பை நினைத்துப் பாருங்கள். லேத்தில் வேலை செய்யும்போது பால் மாதிரி ஒரு வெள்ளைத் திரவம் டூல் மேல் ஊற்றிக்கொண்டே இருக்கும். அதுதான் கூலண்ட். அதற்கு முன்னோடி எஃப்.டபிள்யூ. டெய்லர் என்ற அமெரிக்கர். 1880களில், வெட்டுகிற இடத்தில் தண்ணீரைத் தாராளமாகக் கொட்டினால் 40 சதவீதம் வரை வேகத்தைக் கூட்டலாம் என்று கண்டார். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கத் தண்ணீரில் சோடா கலந்தார். 1906இல் அமெரிக்க மெக்கானிக்கல் எஞ்சினியர்கள் சங்கத்தின் தலைவராக அவர் வாசித்த கட்டுரையில் இதெல்லாம் இருக்கிறது.

லேத்தில் நாம் ஏன் தண்ணீர் ஊற்றுகிறோம்? டூலைக் காப்பாற்ற. டூல் சூடானால் முனை போய்விடும். வேலைத்துண்டு கொஞ்சம் சூடானால் ஆறட்டும் என்று விட்டுவிடுவோம். ஆபரேஷன் தியேட்டரில் கதை தலைகீழ். டிரில் பிட்டுக்கு எலும்பு ஒரு பொருட்டே இல்லை. அந்தச் சூட்டில் அதன் எஃகுக்கு ஒன்றும் ஆகாது. காப்பாற்ற வேண்டியது வேலைத்துண்டை. ஏனென்றால் அதற்கு உயிர் இருக்கிறது.

எலும்பு என்றதும் சுண்ணாம்புக் கட்டி போல ஏதோ காய்ந்த பொருள் என்றுதான் நமக்கெல்லாம் நினைப்பு. அப்படியில்லை. அதற்குள் ரத்தம் ஓடுகிறது, செல்கள் வாழ்கின்றன. அந்தச் செல்கள் எவ்வளவு சூடு தாங்கும்? 1980களின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டு கோத்தன்பர்க்கில் எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் என்ற இருவர் இதை நேராகவே பார்த்தார்கள். முயலின் கால் எலும்பில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன டைட்டானியம் கூடு ஒன்றைப் பதித்து, உயிருள்ள எலும்பை மைக்ராஸ்கோப்பில் வாரக்கணக்கில் கவனித்தார்கள். 1983இல் முடிவை வெளியிட்டார்கள். 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிஷமோ, 47 டிகிரியில் ஐந்து நிமிஷமோ வைத்த எலும்பு, பின்னால் கரைந்துபோய் அந்த இடத்தில் கொழுப்புச் செல்கள் வந்து உட்கார்ந்தன. 47 டிகிரியில் ஒரு நிமிஷம் என்பது எல்லைக்கோடு. அதற்குப் பிறகு உலகம் முழுவதும் எலும்பு டாக்டர்களும் பல் டாக்டர்களும் இந்த 47ஐத்தான் கணக்காக வைத்துக்கொள்கிறார்கள்.

நம் உடம்பின் சூடு 37. ஆபத்து 47. நடுவில் இருப்பது பத்தே டிகிரி! நாம் ஊதி ஊதிக் குடிக்கிற டீ இதைவிடச் சூடு. 47 டிகிரியில் எலும்பு கருகாது, புகை வராது, வாடை வராது. டாக்டர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்குரூவும் அன்றைக்கு இறுக்கமாகவே ஏறும். சில வாரங்கள் கழித்துத் துளையைச் சுற்றியிருக்கும் செத்த எலும்பை உடம்பு அரித்து எடுக்கும்போதுதான் ஸ்குரூ ஆட ஆரம்பிக்கும். முறிந்த காலுக்கு வெளியிலிருந்து கம்பி குத்தி நிறுத்துகிறார்களே, அந்த மாதிரிக் கேஸ்களில் கம்பியைச் சுற்றி மோதிரம் போல ஒரு செத்த எலும்பு வளையம் எக்ஸ்ரேயில் தெரிவதுண்டு. அதோடு சீழும் வரலாம். அப்போது எல்லோரும் என்ன சொல்வார்கள்? "இன்ஃபெக்ஷன் ஆயிடுச்சு", "பேஷண்ட் சீக்கிரமே கால் ஊன்றிட்டார்", "எலும்பு வீக்கு". அதுவும் இருக்கலாம். ஆனால் அன்றைக்கு ஓட்டிய டிரில் பிட்டை யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை.

இனி நம் பாடத்துக்கு வருவோம். சூடு எங்கிருந்து வருகிறது? இரண்டு இடம். பிட்டின் முனை எலும்பைச் சீவும்போது ஒன்று. சீவலும் பிட்டின் பக்கங்களும் துளையின் சுவரில் உரசும்போது இன்னொன்று. உலோகத்தை வெட்டும்போது சூட்டின் பெரும்பகுதியைச் சீவல் எடுத்துக்கொண்டு வெளியே போய்விடும். எலும்பில் அந்தச் சீவல் ரத்தத்தோடும் கொழுப்போடும் கலந்து பசையாகி, பிட்டின் சுருள் பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். போகவேண்டிய சூடு உள்ளேயே சுற்றும். போதாக்குறைக்கு எலும்பு சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் கடத்துதிறன் சுமார் 15 என்றால், கெட்டி எலும்பினுடையது அரைதான். முப்பதில் ஒரு பங்கு. அதனால் சூடு பரவாமல் துளையின் ஓரத்திலேயே தேங்கும்.

"அப்படியானால் மெதுவாக, பட்டும் படாமலும் துளைத்தால் சூடு வராதே?" என்று தோன்றும். எனக்கும் படிக்கிற காலத்தில் அப்படித்தான் தோன்றியிருக்கும். 1972இல் மாத்யூஸ், ஹிர்ஷ் இருவரும் மனித எலும்பில் அளந்து பார்த்தார்கள். பிட்டின் வேகத்தைவிட அதன்மேல் கொடுக்கும் அழுத்தம்தான் முக்கியம் என்று தெரிந்தது. அழுத்தம் கூடினால் சூடு குறைந்தது! காரணம் எளிது. அழுத்தம் போதாவிட்டால் முனை சீவாது, தேய்க்கும். வேலையும் இழுத்துக்கொண்டே போகும். இரண்டு குச்சியைத் தேய்த்து நெருப்பு உண்டாக்குகிற வேலைதான் அது. அதற்காக முழு பலத்தையும் போட்டு அழுத்தினால் பிட் உடையும், அல்லது எலும்பின் மறுபக்கம் சட்டென்று பாய்ந்து ரத்தக்குழாயைக் கிழிக்கும். ஒரே சீரான அழுத்தம் வேண்டும். இது கைப்பழக்கம்.

அடுத்தது தண்ணீர். தியேட்டரில் சோல்யூபிள் ஆயில் ஊற்ற முடியாது. எலும்புக்குள் எண்ணெய் தங்கக்கூடாது. கிருமி நீக்கிய 0.9 சதவீத உப்பு நீர், அதாவது நார்மல் சலைன் மட்டும்தான். உதவியாளர் ஒருவர் 50 மில்லி சிரிஞ்சை வைத்துக்கொண்டு பீய்ச்சுவார். இது போதுமா? ஒரு கணக்குப் போடுவோம். நிமிஷத்துக்கு 500 மில்லி, 25 டிகிரியில் ஊற்றுகிறோம் என்று வையுங்கள். அது 37 டிகிரிக்கு வரும்வரை வினாடிக்கு வினாடி 400 ஜூலுக்கு மேல் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஒரு 3.2 மில்லிமீட்டர் பிட் எலும்புக்குள் உண்டாக்கும் சூடு இதில் ஒரு சிறு பங்குதான். ஆக, தண்ணீரின் அளவில் குறையில்லை. அது எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி.

பிட்டின் முனை துளையின் அடியில் இருக்கிறது. தண்ணீர் துளையின் வாயில் விழுகிறது. பள்ளம் வழியாகச் சீவல் மேலே ஏறிவருகிறது. தண்ணீரை உள்ளே விடாது. சதையைக் காக்க பிட்டைச் சுற்றி ஒரு ஸ்லீவ் வேறு போட்டிருப்பார்கள். தண்ணீர் அதன் மேல் பட்டுத் தெறித்து டாக்டரின் கவுனை நனைக்கும், எலும்பை நனைக்காது. மூத்த சர்ஜன்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் துளைப்பது, பிட்டை வெளியே எடுப்பது, பள்ளத்தைத் துடைப்பது, துளைக்குள் சலைனை நேராகப் பீய்ச்சுவது, மறுபடி இறங்குவது. நம் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் ஆழத் துளைக்குச் சொல்லிக்கொடுத்த பெக் டிரில்லிங்கேதான்!

"சலைனை ஃப்ரிட்ஜில் வைத்து ஜில்லென்று ஊற்றலாமே சார்?" என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. உதவும்தான். ஆனால் துளைக்குள் போகாத தண்ணீர் 5 டிகிரியாக இருந்தால் என்ன, 25 டிகிரியாக இருந்தால் என்ன? "பிட்டுக்கு நடுவே ஓட்டை போட்டு அதன் வழியாக விட்டால்?" அதுவும் இருக்கிறது. பல் இம்பிளான்ட் பிட்டுகளில் சிலவற்றுக்கு அப்படி உள்வழி உண்டு. ஆனால் அந்த நுண்ணிய ஓட்டையில் எலும்புத் தூள் அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்து ஸ்டெரிலைஸ் பண்ணுவது பெரும்பாடு. ஒரு வசதிக்கு ஒரு தொந்தரவு. நம் தொழிலில் எப்போதும் இப்படித்தான்.

பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு வாயில் தண்ணீர் தெளிக்கும் அனுபவம் இருக்கும். 1957இல் ஜான் போர்டன் கொண்டுவந்த ஏரோட்டர் நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்றுச் சுற்றியது. அந்த வேகத்துக்குத் தண்ணீர் இல்லாமல் முடியாது. 1965இல் ஸாக், கோஹன் இருவரும் குரங்குகளின் பற்களில் சோதித்தபோது, பல்லின் உட்கூழில் 5.5 டிகிரி சூடு ஏறினாலே 15 சதவீதப் பற்களில் கூழ் செத்துப்போனது. எலும்புக்குப் பத்து டிகிரி இடைவெளி; பல்லுக்கு அதுவும் இல்லை. பல் மருத்துவத்தில் தண்ணீர் கருவியோடு சேர்ந்தே வருகிறது. டாக்டர் மறந்தாலும் கருவி மறக்காது. எலும்பு டிரில்லில் பெரும்பாலும் அப்படி இல்லை. உதவியாளர் மறந்தால் மறந்ததுதான்.

இதையெல்லாம் விட முக்கியமானதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். மழுங்கிய பிட். மாத்யூஸ், ஹிர்ஷ் ஆராய்ச்சியிலேயே, தேய்ந்த பிட்டுகள் புதியவற்றைவிட மிக அதிகச் சூட்டை உண்டாக்கின என்று இருக்கிறது. முனை மழுங்கினால் சீவாமல் தேய்க்கும். அதற்கு மேல் எவ்வளவு சலைன் ஊற்றினாலும் நாம் ஓடிக்கொண்டிருக்கும் குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

பிட் எதனால் மழுங்குகிறது? எலும்பால் கொஞ்சம். ஸ்டீல் பிளேட்டிலும் பழைய ஸ்குரூவிலும் ஒருதரம் பட்டால் அதைவிட வேகமாக. அப்படிப் பட்ட பிட் அன்று மாலை கழுவப்பட்டு, டிரேயில் அடுக்கப்பட்டு, ஆட்டோகிளேவுக்குப் போய், மறுநாள் பளபளவென்று வருகிறது. கிருமி இருக்கிறதா என்று பார்க்க முறை இருக்கிறது. கூர் இருக்கிறதா என்று பார்க்க? பல இடங்களில் முறையே இல்லை. "ஏன் சார், சாணை பிடித்துக்கொள்ளலாமே" என்பீர்கள். 2.5 மில்லிமீட்டர் பிட்டைக் கையால் சாணை பிடித்தால் இரண்டு உதடும் சமமாக வராது. பிட் ஆடும், துளை பெரிதாகும், ஸ்குரூ பிடிக்காது. அதைத் தூக்கிப் போடுவதே சிக்கனம். ஒரு பிட்டின் விலையையும், ஒரு மறு ஆபரேஷனின் செலவையும், அந்தக் குடும்பம் மறுபடி இழக்கும் வேலை நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

தம்பி தங்கைகளுக்கு இரண்டு வேலை தருகிறேன். இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

முதலாவது, பிராஜெக்ட். கறிக்கடையில் மாட்டுத் தொடை எலும்பு வாங்குங்கள். காயவிடாமல், 37 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் வைத்து எடுத்து, நம் டிரில்லிங் மெஷினில் பொருத்துங்கள். துளை வரப்போகும் இடத்திலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி ஒரு தெர்மோகப்பிளைச் செருகுங்கள். தூரத்தைச் சரியாக அளந்து எழுதுங்கள். எலும்பில் கொஞ்சம் தள்ளினாலும் சூடு சட்டென்று குறைந்து தெரியும், நம்மை ஏமாற்றும். புதிய பிட், நூறு துளை போட்ட பிட்; தண்ணீர் இல்லாமல், வாயில் ஊற்றி, இடையிடையே எடுத்துப் பீய்ச்சி. ஆறு கிராஃப் வரையுங்கள். அந்த ஆறையும் ஊரில் இருக்கும் எலும்பு டாக்டர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு எண், எத்தனை ஆபரேஷன், எத்தனை துளை, உலோகத்தில் பட்டதா என்று குறிக்க ஒரு பக்கம். எந்த எண்ணிக்கையில் கழிக்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் சொல்வதையும் உங்கள் கிராஃபையும் வைத்து ஆஸ்பத்திரியே முடிவு செய்யட்டும். டூல் ரூமில் இதை நாம் எப்போதும் செய்கிறோம். அறுநூறு ரூபாய் இரும்புத் துண்டுக்குக் காட்டுகிற அக்கறையை ஒரு மனிதரின் கால் எலும்புக்கும் காட்டச் சொல்லித் தருவது எஞ்சினியரின் வேலைதான்.

இங்கே வந்திருக்கும் பழைய மாணவர்களில் ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இருப்பவர்கள், கருவி வியாபாரத்தில் இருப்பவர்கள் உண்டு. இந்த மாணவர்கள் எலும்போடும் கிராஃபோடும் வந்து கதவைத் தட்டினால் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். தியேட்டர் சிஸ்டர்களையும் கூட உட்காரவையுங்கள். பிட்டுகளைத் தினமும் கையில் எடுப்பவர்கள் அவர்கள்தான், எது வெட்டுகிறது எது தேய்க்கிறது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.