கேட்காமல் கொட்டிய கிண்ணம்



அண்டை வீட்டுச் சீனர் அன்போடு கொடுக்கும் இனிப்பை நம்மில் எத்தனை பேர் உண்மையிலேயே சாப்பிட்டிருக்கிறோம்? நான் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டதில்லை.

எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீடு ஒரு சீன ஆண்ட்டியுடையது. தீபாவளிக்கு எங்கள் முறுக்கு அங்கே போகும். டிசம்பர் 21 அல்லது 22இல் வரும் தோங்சி பண்டிகைக்கு அங்கிருந்து ‘தாங் யுவான்’ வரும். சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வேன். கதவைச் சாத்தியதும் கொட்டிவிடுவேன். பன்றிக் கொழுப்பு கலந்திருக்குமோ என்ற பயம். ஒருமுறைகூட வாய்திறந்து கேட்டதில்லை.

சென்ற டிசம்பரில், சூடு ஆறுமுன் சாப்பிடும்படி வாசலிலேயே வற்புறுத்தினார். வேறு வழியின்றிக் கேட்டேன்: “ஆண்ட்டி, இதில் என்னென்ன இருக்கிறது?”

விரல்விட்டு எண்ணினார். பசையரிசி மாவு, கறுப்பு எள், சர்க்கரை, இஞ்சி, பண்டான் இலை. பிறகு சொன்னார்: “எள்ளோடு பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுதான் பழைய வழக்கம். உங்களுக்கு மட்டும் எண்ணெய் விட்டுத் தனியாகச் செய்கிறேன். எப்போதுமே அப்படித்தான்.”

எனக்குத் தலை நிமிரவில்லை.

உருண்டையைக் கடித்தேன். மேலே நம் கொழுக்கட்டை போல மென்மை. உள்ளே நம் எள்ளுருண்டையின் மணம். இஞ்சிப் பாகு தொண்டைக்கு இதமாக இறங்கியது. சீன மொழியில் இதன் பெயர், குடும்பம் ஒன்றுகூடுவதைக் குறிக்கும் ‘துவான் யுவான்’ என்ற சொல்லைப் போல ஒலிக்குமாம்.

அன்பர்களே, சாப்பிட முடியாததை மறுப்பதில் தவறில்லை. என்னவென்று கேட்பதும் மரியாதைக் குறைவல்ல. கேட்காமலே கொட்டுவதுதான் மரியாதைக் குறைவு.