கத்திக்கு மண் பூச்சு



நம் நாட்டில் பல ஊர்க் கொல்லர்கள் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் கத்தி அடிக்கிறார்கள். பாடுபட்டு அடித்த கத்தி சந்தையில் விற்கிறது. சில சமயம் அடுத்த வாரமே திரும்பி வருகிறது. “வாய் மழுங்கிவிட்டது” என்கிறார் வாங்கியவர். ஏன் இப்படி?

100 கிலோ பட்டையில் சுமார் அரை கிலோ கார்பன் இருக்கிறது. அடுப்புக் கரியில் இருப்பதும் கார்பன்தான். கத்தியின் வாய்க்கு உறுதி தருவது அதுவே.

உலையில் கத்தி சிவக்கும்போது காற்று படுகிறது. கறுப்புச் செதில் உண்டாகிறது. மேல்தோலில் உள்ள கார்பன் எரிந்து போகிறது. கத்தியின் வாய் மெல்லியது. அங்கே தோல் போனால் மிஞ்சுவது என்ன?

இதைத் தடுக்க மண் பூசலாம். சலித்த களிமண்ணையும் கரித்தூளையும் நீர் விட்டுக் குழைக்க வேண்டும். கத்தியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மண் ஒட்டாது. துடைத்துவிட்டு மெல்லியதாகப் பூச வேண்டும். நன்றாகக் காய வேண்டும். ஈரம் இருந்தால் தீயில் வெடித்துத் தெறிக்கும். கண்ணுக்கு ஆபத்து!

ஜப்பான் நாட்டு வாள் கொல்லர்களும் மண் பூசுகிறார்கள். வாளின் முதுகில் தடிப்பாகவும் வாய்ப்பக்கம் மெல்லியதாகவும் பூசுவார்கள். நீரில் தோய்க்கும்போது வாய் சட்டென்று ஆறி இறுகும். முதுகு மெதுவாக ஆறும். அதனால் முதுகு எளிதில் உடையாது.

நம் கத்தி நன்றாகச் சிவந்து, காந்தம் ஒட்டாத பக்குவம் வர வேண்டும். உடனே எண்ணெயில் தோய்க்க வேண்டும். எண்ணெய் தீப்பிடித்தால் மூட, இரும்பு மூடி அருகில் இருக்கட்டும். தோய்த்த கத்தி கண்ணாடி போல உடையும். 200 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் அந்தக் குறை நீங்கும்.

களிமண்ணுக்கு அதிகச் செலவு இல்லை. கத்தி நின்று வெட்டினால், வாங்கியவர் அடுத்த சந்தையிலும் அதே கொல்லரைத் தேடி வருவார்.