பதிவேட்டில் உங்கள் பிள்ளையின் பெயர்

(ஆசிரியர் தினத்தையொட்டி, திருத்தணியில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தறியை நிறுத்திட்டு வந்தவங்க இருக்கீங்க, கடையைச் சாத்திட்டு வந்தவங்களும் இருக்கீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். போனை அணைச்சு வைக்க வேண்டாம், கொஞ்ச நேரத்தில் அது தேவைப்படும்.

செப்டம்பர் 5 யாருடைய பிறந்தநாள் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். 1888-ல் இங்கே பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் பெயருக்கு முன்னால் இருக்கிற ‘எஸ்’ எதைக் குறிக்கிறது என்று கேட்டால் பெரியவங்களே யோசிப்பாங்க. அப்பா பெயர் வீராசாமி. நம்ம வழக்கப்படி ‘வீ. ராதாகிருஷ்ணன்’ என்றுதானே வரணும்? அந்த ‘எஸ்’ சர்வபள்ளி. நெல்லூர்ப் பக்கத்து ஊர்ப் பெயர், அதுவே குடும்பத்துக்கு வீட்டுப் பெயர். தெலுங்கில் ‘இண்டி பேரு’ என்பார்கள். இந்த ஊரைத் தமிழகத்தோடு சேர்க்கப் போராடிய ம.பொ.சி.யை எடுத்துக்கோங்க. ‘ம’ மயிலாப்பூர், ‘பொ’ அப்பா பொன்னுசாமி. ஆக, தலைப்பெழுத்துக்கு ஆளுக்கொரு கணக்கு.

1960 ஏப்ரல் 1-ல் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லை மாறிச்சு, வீட்டுப் பேச்சு மாறலை. வகுப்பில் தமிழில் பாடம் கேட்டுவிட்டு, திண்ணையில் பாட்டியிடம் தெலுங்கில் கதை கேட்கிற பிள்ளைகள் எனக்கு வருஷாவருஷம் வருகிறார்கள். அம்மா பிரசவத்துக்கு நகரிக்கோ புத்தூருக்கோ தாய்வீடு போயிருப்பாங்க, பிள்ளை படிப்பது இங்கே. கேட்க நல்லாத்தான் இருக்கு. படிவம் நிரப்பும்போதுதான் சிக்கல்.

அந்தச் சிக்கலை ஒரு பிள்ளைக்கு நானே உண்டாக்கினேன். 2010-ல் ஒரு பாட்டி பேத்தியை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க வந்தாங்க. பெயர் கேட்டேன். வீட்டுப் பெயரையும் சேர்த்து நீளமாகச் சொன்னாங்க. ஆந்திராவில் வாங்கிய பிறப்புச் சான்றிதழையும் நீட்டினாங்க. வெளியே வரிசை நின்றது. ‘அதெல்லாம் எதுக்கும்மா’ என்று சொல்லி, வீட்டுப் பெயரை விட்டுவிட்டு, அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டு எழுதிட்டேன். பிள்ளைக்கு நல்லது செய்ததாகவே நினைப்பு. கணினிப் பதிவு வந்தபோது அதே பெயர் ஏறியது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலும் அதுவே. ஆதாரில் மட்டும் பிறப்புச் சான்றிதழில் இருந்தபடி வீட்டுப் பெயரோடு இருந்தது.

பன்னிரண்டு முடித்துக் கல்லூரியில் சேர்ந்து ஒரு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாள். பெயர் பொருந்தவில்லை. அப்புறம் வங்கி, இ-சேவை மையம், மறுபடி பள்ளி. மூணு இடத்துக்கும் அலைந்து கடைசியில் என்னிடம் வந்தாள். போனில் டிஜிலாக்கரைத் திறந்து ஒவ்வொரு ஆவணமாகத் தள்ளிக் காட்டினாள். ‘சார், இது நீங்க எழுதினதுதான் சார்’ என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த வருஷப் பணம் அவளுக்கு வரலை. பஸ் செலவுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்குப் போனதை அவளுடைய பாட்டி சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

டிஜிலாக்கர் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். இருபது வருஷ சர்வீஸ், கையில் ஸ்மார்ட்போன், பாடப்புத்தகத்தின் கியூஆர் கோடைத் தட்டி வீடியோ போடத் தெரியும். ஆனால் நான் எழுதிய ஒரு எழுத்து எங்கெல்லாம் போய் உட்காரும் என்று தெரியாமலே இருந்திருக்கேன். பழைய நோட்டில் தப்பு நோட்டோடு போகும். கணினியில் எழுதின தப்புக்கு அலமாரி கிடையாது, பிள்ளை போகிற இடமெல்லாம் கூடவே வரும்.

இப்போ போனை எடுங்க. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு, வங்கிக் கணக்கு. இந்த நாலிலும் உங்க பிள்ளையின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கா, ஆங்கில எழுத்து உட்பட? ஒரு ‘ஹெச்’ கூடினாலும் கணினிக்கு வேற ஆள்தான். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், அதனால் நகரியில் பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் திருத்தம் அங்கேதான். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை தொடங்கிப் பல இடங்களில் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். கைக்குழந்தை வைத்திருப்பவங்க இதை மனசுல வையுங்க.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் ரெண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். எந்த வடிவம் கடைசி வரை நிற்கணும் என்று வீட்டில் பேசி முடிவெடுத்த பிறகு போங்க. வீட்டுப் பெயர் வேணுமா, வேண்டாமா என்பது உங்க முடிவு, என்னை மாதிரி வாத்தியார் முடிவு இல்லை. பிள்ளைக்கு 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கருவிழி புதுப்பிக்கணும். பத்தாம் வகுப்பில் தேர்வுக்கான பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லி பள்ளியில் கேட்பாங்க. அன்றைக்கு ‘எல்லாம் சரிதான் சார்’ என்று வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க. சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு. பள்ளி சம்பந்தமான சந்தேகத்துக்கு 14417, ஆதாருக்கு 1947.

அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு என்று கேட்பீங்க. மதிப்பெண் சான்றிதழைத் தொடுவதைவிட ஆதாரையும் வங்கிக் கணக்கையும் மாற்றுவது சுலபம் என்று அவளே முடிவு செய்தாள். கூடவே போனேன். வீட்டுப் பெயர் போச்சு. பாட்டிக்கு வருத்தம்தான்.

வகுப்பில் இப்போ வருகைப்பதிவு செயலியில்தான். வராதவங்களைத் தட்டினால் ஒரு நிமிஷ வேலை, தலை நிமிரவே வேண்டாம். அதை முடித்துவிட்டு, பிறப்புச் சான்றிதழில் இருக்கிற முழுப் பெயரைச் சொல்லி ஒவ்வொருத்தரையும் கூப்பிடுகிறேன். போன வாரம் ஒரு பையனின் வீட்டுப் பெயரை நான் சொன்ன விதத்துக்கு வகுப்பே சிரிச்சது. அவன் எழுந்து, ‘அப்படி இல்ல சார்’ என்று மூணு தடவை சொல்லிக் கொடுத்தான். மூணாவது தடவைதான் எனக்கு வந்தது. அப்புறம்தான் ‘உள்ளேன் ஐயா’ சொன்னான்.