ஈவ்லின் விற்கின் கண்ட புதிர்



பரம்பரையலகுப் பாடத்தில் நாங்கள் மனனம் செய்த பெயர்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. இன்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

1941இல் நியூயோர்க் பல்கலைக்கழகம் ஏழு மாணவர்களை இடைநிறுத்தியது. கறுப்பின வீரர் ஒருவரை விளையாட விடாததை எதிர்த்தார்கள், அவ்வளவுதான். அவர்களுள் ஒருவர் ஈவ்லின் விற்கின். மேற்படிப்புக்குக் கொலம்பியாவுக்குப் போனார்.

பற்றீரியா மீது புறஊதாக் கதிரைச் செலுத்தி, புரதத் தொகுப்பைச் சற்று நேரம் தடுத்தால் விகாரங்கள் சட்டெனக் குறைவதை 1956இல் எழுதினார். எப்படிக் குறைகின்றன? விளக்கம் வர 1993 ஆயிற்று. டி.என்.ஏ.யைப் படித்து ஆர்.என்.ஏ.யை ஆக்கும் நொதியம் பழுதடைந்த இடத்தில் சிக்கி நிற்கும். எம்.எவ்.டி. என்ற புரதம் அதை அகற்றி, திருத்தும் நொதியங்களை அங்கே கூட்டிவரும். இதைக் காட்டியவர்கள் செல்பியும் சங்காரும்.

மனிதரில் இவ்வேலைக்கு வேறு புரதங்கள். அவை பிழைத்தால் வருவது கொக்கேன் நோய் (போதைப்பொருள் அல்ல, இலண்டன் வைத்தியர் ஒருவரின் பெயர்). பிள்ளை வளராது; வெயில் பட்டால் தோல் எரியும்; பார்வையும் செவியும் மங்கும். குணமாக்க மருந்து இன்னும் இல்லை. பெற்றோருக்குக் காரணத்தையாவது எங்களால் சொல்ல முடிகிறது.

2015இல் லாஸ்கர் விருது பெறும்போது ஈவ்லினுக்கு வயது 94.