வட்டி குறைந்தும் பத்திர விலை இறங்கியது ஏன்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

லிஃப்ட் மாற்றுவதற்காகச் சேர்த்து வரும் சங்க நிதியை வங்கி டெபாசிட்டிலிருந்து எடுத்து கில்ட் ஃபண்டில் போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ‘ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தால் பத்திர விலை ஏறும், லாபம்தானே’ என்பது அவர்கள் கணக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருக்கும் சங்க நண்பர்களுக்கும் இதே யோசனை இருக்கிறதாம்.

கணக்கு பாதி சரி. 7 சதவீத வட்டி தரும் 100 ரூபாய் அரசுப் பத்திரம் உங்களிடம் இருக்கிறது. நாளை புதுப் பத்திரம் 8 சதவீதம் தந்தால், உங்களுடையதை யார் 100 ரூபாய்க்கு வாங்குவார்? முதிர்வுக்கு 10 வருடம் பாக்கி என்றால் சுமார் 93 ரூபாய்தான் கிடைக்கும். ஒரே வருடம் பாக்கி என்றால் 99. வட்டி இறங்கினால் இதற்கு நேர்மாறு.

மறு பாதிதான் சிக்கல். ராஜபாளையத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை தவறும் என்ற பேச்சு வந்தாலே பஞ்சு விலை ஏறிவிடும். அறுவடை வரை காத்திருக்காது. பத்திரச் சந்தையும் அப்படித்தான். எதிர்பார்த்த செய்தி ஏற்கெனவே விலையில் சேர்ந்திருக்கும். எதிர்பாராததுதான் விலையை அசைக்கும்.

2022 பிப்ரவரி 1 பட்ஜெட்டில், அடுத்த நிதியாண்டில் ஏறக்குறைய 14.95 லட்சம் கோடி ரூபாய் கடன் வாங்கப்போவதாக மத்திய அரசு அறிவித்தது. சந்தை நினைத்ததைவிட அதிகம். அவ்வளவு பத்திரத்தையும் வாங்க ஆள் வேண்டுமே! அன்றே 10 வருடப் பத்திரத்தின் சந்தை வட்டி சுமார் 0.15 சதவீதம் ஏறியது. விலை ஏறக்குறைய 1 சதவீதம் போயிற்று. ரெப்போ வட்டியை அன்று யாரும் தொடவே இல்லை.

2025 ஜூன் 6 இன்னும் வேடிக்கை. ரெப்போ வட்டி 6-லிருந்து 5.5 சதவீதத்துக்கு வந்தது. பலரும் எதிர்பார்த்தது கால் சதவீதம்தான். விலை முதலில் ஏறியது. ஆனால் ரிசர்வ் வங்கி ‘தளர்வு’ என்றிருந்த தன் நிலைப்பாட்டை ‘நடுநிலை’ ஆக்கியது. இனிமேல் குறைக்க அதிக இடமில்லை என்று கவர்னர் சஞ்சய் மல்ஹோத்ரா சொன்னார். நீண்ட காலப் பத்திரங்களின் விலை இறங்கத் தொடங்கிவிட்டது.

லிஃப்ட் பணம் நமக்கு இரண்டு வருடத்தில் தேவை. அதை நீண்ட காலப் பத்திரங்கள் வைத்திருக்கும் ஃபண்டில் போட நான் கை தூக்கமாட்டேன். உங்கள் சொந்தச் சேமிப்பு வேறு விஷயம். ரிசர்வ் வங்கியின் ‘ரீடெய்ல் டைரக்ட்’ வழியாக 2021 நவம்பரிலிருந்து தனிநபர்கள் அரசுப் பத்திரங்களை நேரடியாக வாங்கலாம்; சங்கத்தின் பெயரில் முடியாது. பணம் தேவைப்படும் வருடத்தில் முதிரும் பத்திரமாகப் பார்த்து வாங்கிக் கடைசிவரை வைத்திருந்தால், நடுவில் விலை எங்கே போனாலும் முகமதிப்பு முழுதாகக் கைக்கு வரும்.

டெபாசிட் புதுப்பிக்கும் தேதிக்கு முன் பொருளாளர் உங்கள் கருத்தைக் கேட்பார். சந்தேகம் இருப்பவர்கள் இப்போதே கேளுங்கள்.